றீற்றா அக்காவின் வேலி வெட்டப்பட்ட காலை

இந்தக் காணிப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். காணி வரைபடம் வாசிக்கப் பழக்குவார்கள். சட்டம் படிப்பிப்பார்கள். பண்ணைக்குள் போகும்போது படலை திறந்திருந்ததோ மூடியிருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வரவேண்டும் என்பதைக்கூட யாராவது சொல்லித் தருவார்கள். பயத்தைப் பற்றி ஒருவரும் சொல்லமாட்டார்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன், இனி எனக்கு வெட்கமில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். நாய்க்குப் பயம், மாட்டுக்குப் பயம், பனியில் கார் ஓட்டப் பயம். இவையெல்லாம் சின்னப் பயங்கள், பழகிவிடும். நான் சொல்ல வந்தது பழகாத ஒன்றைப் பற்றி.

தொண்ணூறுகளில் ஈஸ்மென்ற் என்று சொன்னால் ஒன்ராறியோ விவசாயிகளுக்கே விளங்காது. நீங்கள் இன்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவதை நாங்கள் குசினி மேசைகளில் மணிக்கணக்காக விளக்கினோம். ஒருவர் தன் காணி என்றைக்கும் வயலாகவே இருக்கும், அதில் வீட்டுத்திட்டம் எழும்பாது என்று தானாக விரும்பி எழுதிக் கொடுக்கிறார். காணி அவருடையதுதான். உழலாம், விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு காணியோடு ஒட்டிக்கொண்டு போகும். பிறகு வாங்குகிறவரையும் கட்டும், அவருக்குப் பிறகு வருகிறவரையும் கட்டும். திருப்பி எடுக்க முடியாது. அதனால்தான் 'விரும்பி' என்ற சொல் அதில் அவ்வளவு முக்கியம்.

நான் ஊரில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் வேலை பார்த்தவள். எண்பதுகளில் அந்த மேசைக்கு வந்தவர்கள் பலர் அவசரத்தில் வந்தவர்கள். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், நாளைக்கே அனுப்ப வேண்டும், அதற்காகக் காணியை வந்த விலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்து வைக்கும்போது அவர்கள் உறுதியைப் பார்க்கமாட்டார்கள், வாசலைப் பார்ப்பார்கள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில் குடியிருந்து, ஒரு சின்னக் காணிப் பாதுகாப்பு நிறுவனத்தில் எழுத்துவேலைக்குச் சேர்ந்தபோது, அந்த முகத்தை இங்கேயும் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

ஒருநாள் எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு பண்ணைக்காரி ஈஸ்மென்ற் பற்றி விசாரித்திருக்கிறாள் என்றார். "உம்முடைய ஆக்கள். நீர்தான் போகவேணும்" என்றார்.

என்னுடைய ஆள் என்றால் யாரென்று எனக்கு விளங்கவில்லை. போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. றீற்றா அக்கா மன்னார்க்காரி. அறுபதுகளின் கடைசியில் தாதியாக ஒஷாவா ஆஸ்பத்திரிக்கு வந்தவர், அங்கே கால் முறிந்து கிடந்த ஒரு ஒல்லாந்து வழி விவசாயியைக் கல்யாணம் கட்டி, பண்ணைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்தபிறகு கறுப்பு இறைச்சி மாடுகளைத் தனியாக வைத்துப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் செபமாலை. என்னைக் கண்டதும் தமிழில் கேட்ட முதல் கேள்வி, "மாட்டுக்குப் பயமோ?"

"ஓம் அக்கா, சரியான பயம்" என்றேன்.

"நல்லது. பயமில்லாதவைதான் உதைபடுகிறவை."

அவருடைய பிரச்சினை இதுதான். ஒரு கட்டட நிறுவனம் அந்த வீதியில் இருந்த பண்ணைகளை எல்லாம் சேர்த்து ஒரே துண்டாகக் கேட்டிருந்தது. அக்காவின் காணி நடுவில் இருந்தது. ஓடையும் அதற்குள்தான் ஓடியது. அது கிடைக்காவிட்டால் மற்றக் காணிகளும் அவர்களுக்கு வேண்டாம். அக்கம்பக்கத்தவர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் வயதானவர்கள், பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். இந்த ஒரு விற்பனைதான் அவர்களுடைய முதுமைக்கு இருந்த வழி. அக்கா கையெழுத்து வைத்தால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

"அப்ப ஏன் அக்கா?" என்று கேட்டேன். அதைக் கேட்பது என் கடமை.

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான் இந்த நிலத்திலை இருபத்தைஞ்சு வருசம் வேலை செய்திருக்கிறன், தங்கச்சி. உதின்ரை ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். எந்த மூலையிலை தண்ணி நிக்கும், எங்கை முதல் புல்லு வரும், எல்லாம் தெரியும். உதை மூடி மேலை தார் போடுறதை நினைச்சால் எனக்கு மூச்சு முட்டுது. வேறை காரணம் கேக்காதை. இருக்கிறது உதுதான்."

எனக்கு அது போதுமாக இருந்தது. நாங்கள் வேலையைத் தொடங்கினோம்.

விசயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. முதலில் சின்னச் சின்னதாக நடந்தது. அவருடைய தபால் பெட்டியை யாரோ அடித்து நெளித்திருந்தார்கள். தொலைபேசி அடிக்கும், எடுத்தால் பேச்சு இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். வழக்கமாக வைக்கோல் சுருட்டித் தருகிறவர் இந்த முறை நேரமில்லை என்றார். மாதா கோவிலில் அக்கா இருந்த வாங்கில் மற்றவர்கள் வந்து உட்காரவில்லை. இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் போகும்போது கதவில் ஒரு பூட்டுக் கூடியிருந்தது.

கையெழுத்து வைக்க ஒரு நாள் குறித்தோம். அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒஷாவாவில் இருந்த லோயரிடம் கூட்டிப்போவது என் வேலை. அதற்கு முதல் நாள் பின்னேரம் அக்கா என் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். "தங்கச்சி, எனக்கு ஒண்டு கேக்கவேணும்" என்றார். பிறகு தானே பின்வாங்கினார். "சரி விடு, நாளைக்குக் கேக்கிறன்."

மறுநாள் காலை நல்ல புகார், மூடுபனி. இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கத்தில் வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். நான் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறுகையால் யன்னலைத் துடைக்கும் துணியையும் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனேன். அக்காவின் பண்ணைக்குக் கொஞ்சம் முன்னால், சரளைக்கல் வீதியின் நடுவில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. பிறேக்கை மிதித்தேன். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. மாடு. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு புகார் கொஞ்சம் விலகியபோது வீதி முழுக்க மாடுகள் நிற்பதைக் கண்டேன்.

கறுப்பு மாடுகள், புகார், வடக்கில் மேடேறி மறையும் வீதி. வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. காரின் அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு இறங்கினேன். அந்தக் காலத்தில் எங்களிடம் கைபேசி இல்லை. மாடுகளின் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் இல்லை, காருக்குள் இருக்கவும் தைரியம் இல்லை. அப்போது வடக்குப் பக்கத்தில் இருந்து ஒரு பிக்கப் வந்து மாடுகளுக்கு மிகக் கிட்டவாக நின்றது. இறங்கி வந்தவர் கோர்டன், அக்காவின் அடுத்த பண்ணைக்காரர். முதுகு வளைந்த, அதிகம் பேசாத மனிதர். ஈஸ்மென்ற்றை எதிர்த்தவர்களில் அவர்தான் முதல் ஆள். என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வார். அவரும் எங்கள் இயக்குநரும் ஆங்கிலத்தில் சொன்னவற்றை நான் என்னுடைய தமிழில் சொல்கிறேன்.

"பஸ்" என்றார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. "பள்ளிக்கூட பஸ் இப்ப வரும். என்ரை மனிசிதான் ஓட்டுறாள்."

வேறு ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போய் பிக்கப்பில் ஏறி, அதைத் திருப்பக்கூட நேரம் எடுக்காமல் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றினார். கோர்னை அழுத்தியபடியே போனார். புகாருக்குள் பிக்கப் மறைந்தது, கோர்ன் சத்தம் மட்டும் தூரமாகிக்கொண்டு போனது.

என் பின்னால், தெற்கில் இருந்து ஒரு பெரிய வாகனத்தின் சத்தம் கேட்டது. நான் கழுத்தில் சுற்றியிருந்த சிவப்புச் சால்வையை உருவி வீசிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். கத்தினேன். தமிழில் கத்தினேன் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. வந்தது பால் லொறி. சாரதி என்னைக் கண்டு பிறேக் போட்டான். லொறி சரளைக்கல்லில் வழுக்கி, என்னையும் என் காரையும் மயிரிழையில் தாண்டி, அதற்கு அப்பால் நின்ற ஒரு பசுக்கன்றில் மோதி நின்றது. அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

அதே நேரம் வடக்கில் கோர்ன் சத்தம் சட்டென்று நின்றது.

ஏன் நின்றது? நான் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் எத்தனை பேர் அந்த பஸ்ஸில் இருப்பார்கள் என்று மனம் எண்ணப் பார்த்தது, நான் அதை எண்ணவிடவில்லை. பிறகு புகாருக்குள் உயரத்தில் பஸ்ஸின் சிவப்பு விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. ஒரே இடத்தில் மின்னின. நின்றுவிட்டது. நான் வீதிக் கரையில் புல்லில் குந்திவிட்டேன்.

றீற்றா அக்கா ஒரு வாளியில் தானியத்தைக் குலுக்கிக்கொண்டு ஓடிவந்தார். "வாங்கோடி, வாங்கோ, வாங்கோ" என்று தமிழில்தான் கூப்பிட்டார். மாடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வாளிச் சத்தத்துக்குப் பின்னால் போயின. அடிபட்ட கன்று மட்டும் எழும்ப முயன்று முயன்று விழுந்தது. மாடுகளை அடைத்துவிட்டு வந்த அக்கா அதன் தலையைத் தன் மடியில் வைத்தார். கோர்டன் திரும்பி வந்தபோது அவரை நிமிர்ந்து பார்த்து, "துவக்கைக் கொண்டு வா" என்றார்.

கோர்டன் போய்க் கொண்டுவந்தார். அதற்குள் அவருடைய மனைவி, பிள்ளைகள் பார்க்கக்கூடாது, கேட்கவும்கூடாது என்று, அந்தப் பெரிய பஸ்ஸை மேட்டிலேயே முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பி வேறு வீதியால் கொண்டுபோய்விட்டா. பஸ் சத்தம் முழுதாக அடங்கும்வரை கோர்டன் காத்திருந்தார். பிறகு சுட்டார்.

மூன்று பேரும் வேலியைப் பார்க்கப் போனோம். கம்பிகள் அறுந்திருக்கவில்லை, வெட்டப்பட்டிருந்தன. குறட்டால் வெட்டிய முனைகள் பளபளவென்று இருந்தன. இரண்டு கட்டைகளுக்கு இடையில் மேலிருந்து கீழ்வரை எல்லாக் கம்பியும்.

கோர்டன் அந்த முனையை விரலால் தொட்டார். "நான் இல்லை" என்றார்.

"நீ இல்லையெண்டு எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "ஆனா ஆர் எண்டு உனக்குத் தெரியும்."

கோர்டன் கம்பியை விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இனித்தான் நான் சொல்லவந்த இடம்.

குசினிக்கு வந்ததும் அக்கா கையைக் கழுவினார். கழுவி முடித்தபிறகும் கழுவினார். பிறகு மேலே போய், கோவிலுக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அதில் ஒரு தெறி பக்கத்துத் துளையில் பிழையாகப் பூட்டப்பட்டிருந்தது.

"வா, போவம். இப்பவே கையெழுத்து வைக்கிறன். அவங்களுக்குக் காட்டுறன்."

நான் ஒஃபிஸுக்கு ஃபோன் எடுத்து இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார், அது உண்மை. ஆனால் அடுத்த மூச்சில், "கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். "யோசிச்சுப் பாரும். கையெழுத்து விழுந்திட்டுதெண்டால் பிறகு வெருட்டுறதிலை பிரயோசனம் இல்லை, விட்டிடுவாங்கள். இண்டைக்கு விழாட்டில் வெருட்டல் வேலை செய்திருக்கெண்டு நினைப்பாங்கள். அடுத்தது மாட்டுக்கொட்டில் எரியும். அதுக்கு நீர் பொறுப்பெடுப்பீரோ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வைக்கவேண்டும். இந்த வேலையில் உங்களை நெருக்குகிறவர்கள் முட்டாள்களாக இருக்கமாட்டார்கள், அவர்களிடம் நல்ல காரணம் இருக்கும். அந்தப் பண்ணை எங்கள் நிறுவனத்துக்கு முதல் பண்ணை. அது தவறிப்போனால் பின்னால் ஒருவரும் எங்களை நம்பி வரமாட்டார்கள் என்பதும் உண்மை.

நான் ஃபோனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நொத்தாரிசின் மேசைக்கு வந்த அதே முகம்.

"அக்கா, நேற்று என்னவோ கேக்கவேணுமெண்டு சொன்னனீங்கள்."

"அதை விடு. அது இனித் தேவையில்லை."

"என்ன கேக்க இருந்தனீங்கள்?"

"விடெண்டு சொன்னனான்!" மேசையில் கையால் அடித்தார். "காரை எடு."

"நான் இண்டைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன் அக்கா."

அவர் என்னை நம்பமுடியாமல் பார்த்தார். "நீயும் பயந்திட்டாய்."

"ஓம். பயந்திட்டன்."

"அப்ப அவங்கடை பக்கம் போய் நில். நீ ஆர் என்னை மறிக்க? என்ரை காணி. என்ரை கை."

"ஓம், உங்கடை கைதான். ஆனா இண்டைக்கு நீங்கள் போய்க் கையெழுத்து வைச்சால், உங்களை அங்கை கூட்டிக்கொண்டு போறது நானில்லை அக்கா. வேலியை வெட்டினவன்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறான். பிறகு உதை மாத்தேலாது. உங்கடை உயிர் இருக்கும்வரைக்கும் மாத்தேலாது."

"போ வெளியிலை" என்றார்.

நான் வெளியே வந்து காரில் இருந்தேன். குசினி யன்னல் திரையை அவர் இழுத்து மூடினார். லோயருக்குத் தானாகவே ஃபோன் எடுத்து வாடகைக் கார் பிடித்துப் போவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

அதன்பிறகு வந்த வாரங்களைப் போல் என் வேலைக்காலத்தில் வேறு வாரங்கள் இல்லை. பொலிஸ் வந்து வேலியைப் பார்த்துவிட்டுப் போனது, ஒன்றும் நடக்கவில்லை. நான் ஃபோன் எடுத்தால் அக்கா எடுக்கமாட்டார். இயக்குநர் என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டார். கட்டட நிறுவனத்தின் ஆள் அக்கா வீட்டுக்குப் போய்வந்ததாக ஒஃபிஸில் பேச்சு வந்தபோது, "அவள் அங்கை கையெழுத்து வைச்சாளெண்டால் உமக்கு இஞ்சை மேசை இல்லை" என்றார். மேசை போவது ஒருபக்கம். மாட்டுக்கொட்டில் எரியும் என்று அவர் சொன்னது என் தலைக்குள் இருந்து போகவேயில்லை. வீட்டுக்குக் கிட்ட அஜின்கோர்ட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது தீயணைப்பு வண்டி போனால்கூட நான் வடக்குப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அக்காவைக் காப்பாற்றக்கூடிய ஒரே பேனையை நான்தான் பையில் போட்டு மூடினேனோ?

ஒரு பின்னேரம் அக்கா தானாக ஃபோன் எடுத்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"தங்கச்சி, என்ரை படலைக்கு முன்னாலை ஒரு பிக்கப் நிக்குது. நேற்றும் நிண்டது, முந்தநாளும் நிண்டது. விளக்கில்லாமல் நிக்குது. பின்னேரம் வந்தால் இருண்டபிறகும் போகுதில்லை."

"பொலிசுக்கு எடுங்கோ அக்கா."

"எடுத்தால் நாளைக்கு வேறை ஆள் வருவான். நீ வாறியோ?"

நான் போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். 401 நெடுஞ்சாலையில் வேலை முடிந்து வரும் கூட்டத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது, திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு வெளிவாசலிலும் நினைத்தேன். அக்காவின் வீதிக்கு வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பிக்கப் அங்கே நின்றது. உள்ளே ஒரு உருவம் அசையாமல் இருந்தது. நான் காரை அதற்குப் பின்னால் நிறுத்தி இறங்கி, நடந்துபோய் யன்னலில் தட்டினேன். தட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன், அது ஞாபகம் இருக்கிறது.

யன்னல் இறங்கியது. உள்ளே கோர்டன், மடியில் தேர்மஸ் போத்தலோடு.

"இஞ்சை என்ன செய்யிறீர்?" என்று கேட்டேன்.

"மாடு பாக்கிறன்."

"அது உம்மடை மாடில்லையே."

"பஸ் என்ரை மனிசியின்ரை" என்றார்.

பிறகு அவர் அக்காவின் வீட்டுப் பக்கம் தாடையால் காட்டினார். "நான் இஞ்சை நிக்கிறதாலை மனம் மாறிட்டனெண்டு நினைக்காதையும். அவள் கையெழுத்து வைக்கக்கூடாது. வைச்சால் எங்கடை கதை முடிஞ்சுது. இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறன், நாளைக்கும் அதைத்தான் சொல்லுவன். ஆனா வேலியை வெட்டி அவளை மாத்துறதெண்டால், அதுக்கு நான் ஆளில்லை."

"அதை நீரே அவவிட்டைச் சொல்லலாமே."

"நான் போய்க் கதவைத் தட்டினால் அவள் பயப்பிடாமல் திறப்பாள் எண்டு நினைக்கிறீரோ?"

நான் உள்ளே போய் அக்காவிடம் யார் நிற்பது என்று சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். நீண்ட நேரம் அழுதார். நான் அவரைத் தொடவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு கோப்பையில் சூப்பை ஊற்றி, அதைத் தானே படலைக்குக் கொண்டுபோனார். அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் பேசினார்கள். ஒருமுறை கோர்டன் கையை விரித்து ஏதோ கத்தினார், அக்காவும் கத்தினார். கோப்பை காலியாகத் திரும்பி வந்தது.

உள்ளே வந்த அக்கா எனக்கு முன்னால் இருந்து, அன்று கேட்காமல் விட்டதைக் கேட்டார். "எனக்கு ஏலாமல் போனால், தங்கச்சி? மாடு பாக்க ஏலாமல், படி ஏற ஏலாமல் போனால்? வீதிக்கரையிலை ஒரு சின்னத் துண்டை விட்டுவைக்கலாமோ, பிறகு வித்துச் சாப்பிட? உங்களுக்கெல்லாம் முழுக் காணியும் வேணுமெண்டு நினைச்சுக் கேக்க வெக்கமாய் இருந்தது."

விட்டுவைக்கலாம். அது ஒரு சாதாரண விசயம். எங்கள் ஆட்களில் ஒருவரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. வேலி வெட்டிய அன்று அவர் கையெழுத்து வைத்திருந்தால் அந்தத் துண்டும் சேர்ந்து போயிருக்கும்.

பனிக்காலத்தில் அவர் கையெழுத்து வைத்தார், அந்தத் துண்டைத் தவிர்த்து. எங்கள் லோயரிடம் இல்லாமல், தனக்கென்று தானே தேடிய லோயரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வந்தார். முதல் நாள் கோர்டன் வீட்டுக்குப் போய், "நாளைக்கு வைக்கப்போறன்" என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். கோர்டன் கதவைச் சாத்தினாராம். மேசையில் அக்கா பத்திரத்தை வரி வரியாக வாசித்தார், இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார், எங்கள் லோயருக்கே பொறுமை போனது. பிறகு ஒப்பமிட்டார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. கட்டட நிறுவனம் விலகிவிட்டது. கோர்டன் தன் காணியை ஒரு சோள விவசாயிக்கு, வயலுக்குக் கிடைக்கும் விலைக்கு விற்றுவிட்டு ஒஷாவாவில் ஒரு அப்பாட்மெண்டுக்குப் போக முடிவுசெய்தார். கொட்டில் எரியவில்லை. அது கையெழுத்து வைத்ததாலா, பிக்கப் நின்றதாலா, அல்லது சும்மா அதிர்ஷ்டமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலியை வெட்டியது யாரென்றும் தெரியாது. அந்த ஆள் அந்த வீதியில்தான் இருந்திருப்பான், அக்கா கடைக்குப் போகும்போது ஒருவேளை அவனுக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லியிருப்பார். அந்த நினைப்போடுதான் அவர் அங்கே வாழ்ந்தார். ஒப்பம் விழுந்ததும் பயம் போய்விடும் என்று நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இயக்குநர் எனக்கு நன்றி சொல்லவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்களை என்னோடு பண்ணைகளுக்கு அனுப்பத் தொடங்கினார். அதை நான் அவருடைய பதிலாக எடுத்துக்கொண்டேன்.

வசந்தத்தில் கோர்டனின் உழவு இயந்திரங்களையும் சாமான்களையும் அவருடைய முற்றத்தில் ஏலம் போட்டார்கள். அக்கா எனக்கு ஃபோன் எடுத்தார். "நான் போகப்போறன். நீயும் வா." வேண்டாம் அக்கா என்றேன். "அவன் என்ரை படலையிலை குளிருக்குள்ளை இருந்தவன். அவன்ரை வீட்டுச் சாமான் போறநேரம் நான் வீட்டுக்குள்ளை இருக்கிறதோ?"

போனோம். வீதியில் இருந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். நாங்கள் முற்றத்துக்குள் நடந்தபோது பேச்சுக் குறைந்தது. ஒருவர் முதுகைத் திருப்பினார். பிறகு இன்னொருவர். எங்களைச் சுற்றி ஆளில்லாத ஒரு வட்டம் உண்டாகியது, நாங்கள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. ஏலம் போடுகிறவரின் குரல் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டே இருந்தது. கோர்டன் தூரத்தில் தன் உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார், எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அக்கா கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றார். போவோம் அக்கா என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் கேட்காதது போல் நின்றார்.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. கோர்டனின் மனைவி இரண்டு கோப்பைகளோடு படியிறங்கினா. கூட்டத்துக்குள் புகுந்து வந்தா. ஆட்கள் வழி விட்டார்கள், வேறு யாருக்கோ கொண்டுபோகிறா என்று நினைத்திருப்பார்கள். அந்த வெறும் வட்டத்துக்குள் வந்து, ஒரு கோப்பையை அக்காவிடம் நீட்டினா.

"இரண்டு சீனிதானே?" என்று கேட்டா.

"ஓம்" என்றார் அக்கா. தமிழில்தான் வந்தது, ஆனால் அவவுக்கு விளங்கியது. அவ திரும்பிப் போகவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில், தோள் தொடுகிற தூரத்தில், தன்னுடைய கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டு நின்றா.

அக்கா தலையைத் திருப்பாமல் என்னிடம் கேட்டார், "எல்லாரும் பாக்கினமோ?"

"ஓம் அக்கா. பாக்கினம்."

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சூடு ஆறும் முன்பே அதைக் குடித்தார்.